தொழில்: விவசாயம்

ஆடி கடைசி வெள்ளி, காலை பத்து மணி. பள்ளிக்கூட வாசலில் நெஞ்சுப் பரிசோதனை முகாம்.

"தொழில் என்னங்க?" என்றாள் டேப்லெட் வைத்திருந்த நர்ஸ் நந்தினி.

"விவசாயம்," என்றார் சாமிதுரை.

வரிசையில் முன்னால் நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். நிலமெல்லாம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போய் வெகுகாலமாகிவிட்டது. சாமிதுரை தினமும் முதல் பஸ்ஸில் பெரம்பலூர்ப் பக்கம் கிரஷருக்குப் போய், ஜல்லி உடைக்கும் மிஷினுக்குக் கல் தள்ளுகிறார்.

அவர் மனைவி வளர்மதி வாயெடுத்தாள். அவர் திரும்பி முறைத்தார். பின்னால் சம்பந்தி சிங்காரவேலு நின்றிருந்தார். அவருக்கு இன்னும் நாலு காணி நிலம் மிச்சம்.

"தூசியில வேலை செய்றீங்களா?"

"வயக்காட்டுல இல்லாத தூசியா தாயி?"

வரிசையே சிரித்தது. நந்தினியும் சிரித்துக்கொண்டே 'இல்லை'யைத் தொட்டாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இருமல், எடைக்குறைவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த கம்ப்யூட்டர், டி.பி.யாக இருக்க எண்பத்தாறு சதவீதம் வாய்ப்பு என்றது. சளியில் கிருமி இல்லை.

"எண்பத்தாறு காட்டுதே, டி.பி. மாத்திரையை ஆரம்பிச்சுடலாம்," என்றார் டவுன் ஆஸ்பத்திரி டாக்டர் ஜெயப்பிரகாஷ்.

சாமிதுரை மாத்திரையை விழுங்கிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தார். சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. மருந்து வேலை செய்கிறது என்று அவரும் வளர்மதியும் நம்பினார்கள்.

மாசியில் அவரால் பஸ் படி ஏற முடியவில்லை.

டாக்டர் புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "கல்லு வேலைக்குப் போனதுண்டா?"

சாமிதுரை மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார்.

"கிரஷருங்க," என்றாள் வளர்மதி. "நெலம் போனதுலேருந்து."

டாக்டர் கம்ப்யூட்டரில் தொழிலை மாற்றினார். டி.பி. பதினொன்றுக்கு இறங்கியது. சிலிகோசிஸ் என்று வேறொரு பெயர் மேலே வந்தது.

"ஒத்த வார்த்தைக்கு இம்புட்டு மார்க்கு போவுதா?" என்று சாமிதுரை சிரிக்கப் பார்த்தார். இருமல் விடவில்லை.

"கல்லுத் தூசிம்மா. நுரையீரல்ல படிஞ்சிருச்சு, இனி வெளிய வராது. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா வேலையை நிறுத்தச் சொல்லியிருப்போம். நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

போன வாரம் வரை அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்து பஸ்ஸுக்கு அனுப்பியவள் அவள்தான்.

"இன்னையோட நிறுத்திட்டா சரியாப் போயிடுமாங்க?" என்றாள்.