சிவப்புச் சீலை

"அவங்கட கண்ணப் பிடிக்க வேணும் மாமி" என்றாள் மேனுகா. என் மச்சாளின் மகள். சுனாமிக்குப் பிறகு தோணி கொடுக்க வந்த வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்ப்பவள்.

"கண்ணப் பிடிக்கிறதா? அதென்ன கண்றாவி?"

"இங்கிலீசில அப்பிடித்தான் சொல்லுவாங்க. கடையில ஒரு சீலை நம்மள நிண்டு பாக்க வைச்சா, அது கண்ணப் பிடிச்சிட்டு எண்டுவாங்க. உங்கட கொட்டில் முகாமின்ட கடைசியில கிடக்கு. என்னத்தையாவது செய்யுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆருடைய கண்ணிலும் படாமல் இருக்கத்தானே இத்தனை காலம் சீரழிந்தோம்! வாகனச் சத்தம் கேட்டால் என் மனுசன் பின்பக்கத்தால் ஓடிக் களப்புத் தண்ணீரில் அடர்ந்து நிற்கும் கண்ணாப் பற்றைக்குள் பதுங்கிவிடுவார். "இஞ்சாருங்க" என்று நான் கூப்பிட்டால் கரையேறலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரவே கூடாது, ஆமிக்காரர் நிற்கிறார்கள் என்று அர்த்தம். புருசன் பெயரை எங்கள் பெரியகல்லாற்றில் எந்தப் பெண் வாயால் சொல்வாள்? அதனால்தான் அதை அடையாளமாக வைத்தோம். இரண்டு சுற்றிவளைப்பில் அவர் உயிர் தப்பியது அதனால்தான்.

ஆனாலும் தோணி வேண்டும். கடல் எங்கள் தோணியைக் கொண்டுபோனதிலிருந்து அவர் வெறுங்கையைப் பார்த்தபடி குந்தியிருக்கிறார். பார்த்துப் பார்த்து நான் களைத்துவிட்டேன்.

நிவாரணத்தில் கிடைத்த சிவப்புச் சீலையைக் கூரையில் விரித்தேன். "இண்டைக்கு மட்டும் ஓடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார்.

வாகனம் எங்கள் கொட்டிலடியில்தான் நின்றது. வெள்ளைக்காரி சீலையைக் காட்டிச் சிரித்தாள். திரும்பிப் பார்க்கிறேன், மனுசனைக் காணோம். பாழாய்ப்போன கால்கள்!

"மாமா நேரில நிக்க வேணும் மாமி. இல்லாட்டித் தோணி இல்ல."

"இஞ்சாருங்க!" என்று கத்தினேன். பற்றைக்குள் அவர் தலை தெரிந்தது. வாகனம் உறுமிக்கொண்டே நின்றதால் தயங்கினார்.

"கெதியா மாமி, வெளிக்கிடப் போறாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பாக்கியராசா! வாங்க இஞ்ச!"

தலை மறைந்தது. பற்றை அசைந்து அசைந்து தூரப் போயிற்று. வாகனமும் அடுத்த முகாமுக்குப் போய்விட்டது.

பொழுதுபடத்தான் வந்தார். உடம்பெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"ஆமிக்காரனுகள் உனக்கு அடிச்சவனுகளா?"

"இல்ல. போயிட்டாங்க."

"தோணி குடுக்கிற ஆக்கள் எண்டு நினைச்சுக் கரையேறப் பாத்தன் புள்ள. நல்ல காலம், நீ பேரைச் சொன்னாய்."

கூரையிலிருந்த சீலையை இழுத்து, தலை துவட்டக் கொடுத்தேன்.