இரண்டாவது விண்ணரசி

அஞ்சு மார்க்தான், பத்து மார்க்கில் வராது என்று பக்கத்து சீட்டு எழில்மொழிக்குப் பதில் சொல்லிவிட்டு விண்ணரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், சுனாமி எப்படி உருவாகிறது, படம் வரைந்து விளக்குக, சுற்றுச்சூழல் பேப்பரில் போன வருடமே வந்துவிட்ட கேள்வி, கடலடித் தட்டு, எழும்பும் நீர், அம்புக்குறி... அவளும் ஸ்கேல் வைத்துப் போட்டாள், கரையில் ஒரு தென்னைமரம்கூடப் போட்டாள், ஆள் யாரையும் போடவில்லை, போடச் சொல்லவும் இல்லை, முழு மார்க் கிடைத்தது. காலேஜ் பஸ் திருத்துறைப்பூண்டியைத் தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் பால் பிடித்து நிற்கிற சம்பா, பின் சீட்டில் பாட்டு, மடியில் அம்மா கட்டிக்கொடுத்த தக்காளி சாதம் இன்னும் சுடுகிறது. கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னாள், பொய்யில்லை, காலையில் பறவைதான், மதியத்துக்குமேல் கரையில் இறங்கி நண்டு, சிப்பி, புழு என்று அகப்பட்டதைச் சேகரிக்க வேண்டும், அதற்கும் மார்க் உண்டு, அதை மட்டும் சொல்லவில்லை. மன்னார்குடியிலிருந்து கடல் ஒன்றும் காத தூரமில்லை, ஆனாலும் இருபது வயதாகப் போகிறது, இன்னும் கடலைப் பார்த்ததில்லை என்றால் வகுப்பில் சிரிக்கிறார்கள். தெப்பக்குளத்துப் படியில் கால் வைத்தாலே அம்மாவுக்கு முகம் வெளுத்துவிடும், கடலை எங்கே பார்ப்பது?

என்ன கல்லூரிப் படிப்பு இது, மற்றவர்களுக்கெல்லாம் பாடம் பாடமாக இருக்கிறது, எனக்கு மட்டும் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எங்கள் வீடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழ் வகுப்பில் கையறுநிலை நடத்தினார்கள், செத்தவரை நினைத்துப் புலம்பும் பாட்டு, அம்மா ஒருநாளும் புலம்பிப் பார்த்ததில்லையே என்று தோன்றியது. புள்ளியியலில் ஓர் எண் விடுபட்டுப் போனால் அந்த இடத்தில் சராசரியைப் போட்டுக் கணக்கை முடிக்கலாம் என்றார்கள்... போடலாமா, அப்படிப் போட்டால் சரியாகிவிடுமா? விலங்கியல்தான் மேஜர், அதில்தான் வகையாக மாட்டிக்கொண்டாள். ஷோபனா மேடம் இனப்பெருக்கப் பாடம் எடுத்தபோது, ஆபரேஷனில் கட்டின கருக்குழாயை மறுபடி இணைத்துவிடலாம், சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நம் பக்கத்துத் தாய்மார்கள் பலர் அப்படித்தான் மறுபடி பெற்றார்கள் என்றார். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அவளும் எழுதினாள், எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது. ரெஜின் அண்ணனுக்குப் பிறகு ஒரு பெண், இரண்டு போதும் என்று அம்மா ஆபரேஷன் செய்துகொண்டது தெரியும், அந்தப் பெண்ணை அலை கொண்டுபோனதும் தெரியும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை, மக்கு. அவள் போனதால் நான் வந்தேன். அவள் இருந்திருந்தால் நான் இல்லை. இதற்கு ஒரு பட்டப்படிப்பு வேண்டியிருக்கிறது...

அவளுக்கும் விண்ணரசி என்றுதான் பேர். அப்போது வேளாங்கண்ணியில் அப்பாவுக்கு மெழுகுவர்த்திக் கடை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, யாத்திரைக் கூட்டம், ஆறு வயதுப் பிள்ளை புது கவுனோடு மணலில் விளையாடப் போயிருந்தாள். அவ்வளவுதான் தெரியும், அதற்குமேல் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், இவளும் கேட்க மாட்டாள். இரண்டு வருடம் கழித்து இவள் பிறந்ததும் அம்மா அதே பேரை வைத்துவிட்டாள். ரெஜின் அண்ணன் மட்டும் இன்றுவரை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, குட்டி என்பான், திருப்பூரிலிருந்து போன் போட்டாலும் குட்டிதான். ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது நினைவுநாள் பூசைக்குக் கூட்டிப்போனார்கள், சாமியார் இறந்தவர்களின் பேரை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார், விண்ணரசி என்று வாசித்ததும் இவள் பெஞ்சிலிருந்து எழுந்து, உள்ளேன் ஐயா என்றாள், பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பழக்கம். முன்வரிசையில் யாரோ ஓவென்று அழுதார்கள். அம்மா சட்டென்று இவள் வாயைப் பொத்தினாள், அந்தக் கையின் சூடு இப்போதும் உதட்டில் இருக்கிறது. எதற்குப் பொத்தினாள்? பூசையில் சத்தம் போடக் கூடாது என்றா, அது உன் இடம் இல்லை என்றா? உளவியலை விருப்பப்பாடமாக எடுத்ததே இதற்காகத்தான். அங்கேயும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அதன் இடத்துக்குப் பெற்றுக்கொள்ளும் பிள்ளை பற்றி அரைப் பக்கம் இருந்தது, அப்படிப்பட்ட பிள்ளை காலம் முழுக்கச் செத்த பிள்ளையோடு ஒத்துப் பார்க்கப்படும் என்று போட்டிருந்தது. சரியாகத்தான் போட்டிருக்கிறான். அம்மா ஓயாமல் கேட்பாளே, உனக்கு இது பிடிக்குமா, இந்த வயதில் இப்படித்தான் கோபம் வருமா, தலை பின்னாமல் விட்டால்தான் நன்றாயிருக்கா என்று... ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் அவள் நிற்கிறாள், அவள் என்றால் இப்படிச் செய்திருப்பாளோ என்று அம்மா அளந்து பார்க்கிறாள், அந்தப் பிள்ளை வளர வளர எவ்வளவு நல்லவளாகிக்கொண்டே போகிறாள், செத்தவளோடு யார் போட்டி போட முடியும்? என்னைப் பார்க்கும்போது அம்மா யாரைப் பார்க்கிறாள், அது தெரிந்தால் போதும், மார்க்கெல்லாம் யாருக்கு வேண்டும்.

பறவைகள் தொலைவில் ரோஜா நிறக் கோடாக நின்றன, பைனாகுலரைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், கரைக்கு வந்தார்கள். இதுதானா, இவ்வளவுதானா? சத்தமே இல்லாமல் கலங்கலாகக் கிடக்கிறது, அலைகூட ஒழுங்காக எழும்பவில்லை, இதற்கா இத்தனை வருடம் பயந்தோம்... கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. எழில்மொழியும் மற்றவர்களும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் நின்றாள், கால் நகரவில்லை, அப்போதுதான் போன் வந்தது.

"கடலுக்கு வந்துட்டியா?" என்றாள் அம்மா.

யார் சொன்னது என்று கேட்டாள். கோடியக்கரையில் கடல் இல்லாமல் குளமா இருக்கும் என்றாள் அம்மா, காலையிலேயே தெரியுமாம், தெரிந்துதான் சாதம் கட்டியிருக்கிறாள். பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கோ அவசர பிளவுஸ். இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது.

"அம்மா, அவ இருந்திருந்தா நா பொறந்திருக்க மாட்டேன்ல?"

மிஷின் நின்றது.

"மாட்ட" என்றாள் அம்மா. "நீ பொறந்தப்ப அவதான் திரும்பி வந்துட்டான்னு நெனச்சேன், பேரையும் அதான் வச்சேன். ஆறு வயசு வரைக்கும் ஒன்ன வளக்க எனக்குச் செரமமே இல்ல, ஏற்கெனவே வளத்த கைதான. அதுக்கப்பறந்தான் ஒண்ணும் தெரியல. ஏழு வயசுல ஒரு பொண்ணு எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்லடி. ஒவ்வொரு வயசும் புதுசாத்தான் வருது, தெரியாமத்தான் ஒன்ட்ட கேட்டுக் கேட்டு வளக்குறேன்." மறுபடி மிஷின் ஓட ஆரம்பித்தது. "தண்ணில எறங்குனா யாரு கையயாவது புடிச்சுக்க."

தெரியாமல் கேட்டதா, அத்தனையும் தெரியாமல் கேட்டதா... ஆறு வயதுக்குமேல் ஒத்துப் பார்க்க அம்மாவிடம் ஒன்றுமே இல்லையா, வளர்ந்துகொண்டே போன அந்த நல்ல பிள்ளையை நான்தான் வளர்த்தேனா? சந்தோஷமாக இருந்தது. அப்படியென்றால் அந்த முதல் ஆறு வருடம், ஒன்றும் ஞாபகமில்லாத அந்தக் குளிப்பாட்டலும் சோறூட்டலும், அதெல்லாம் யாருக்கு நடந்தது? அவளுக்குத்தான். சரி, பாவம், சின்னப் பிள்ளை, அவள் வாழ்ந்ததே அவ்வளவுதான், அதில் போய் நான் பங்கு கேட்பதா, இருக்கட்டும், அவளே வைத்துக்கொள்ளட்டும். எழில்மொழி கையை நீட்டினாள், அதைப் பிடித்துக்கொண்டு விண்ணரசி இறங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் திடுக்கிட்டுப் போனாள், இத்தனை வருடமும் அந்தப் பிள்ளையை நினைக்கும்போதெல்லாம் அவளைக் கொண்டுபோன தண்ணீர் ஐஸாகச் சில்லிட்டுத்தான் இருந்தது, வெதுவெதுப்பாக இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் போடவில்லை, யாரும் சொல்லவும் இல்லை... அம்மாவும் குளிர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாளா? சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தண்ணி எப்படி இருந்துச்சு என்று கேட்பாள், எல்லாவற்றையும் கேட்கிறவள் அதையும் கேட்பாள். வெதுவெதுப்பாக இருந்தது என்று சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா, இல்லை...