கூண்டில் இறங்கிய குரல்

மங்கள வார்த்தைத் திருநாள் காலையில், கோயில் நாடகத்தில் தேவதூதனாக வரும் சம்மனசின் குரல் உடைந்துவிட்டது. நேற்றுவரை குயிலாகப் பாடிய பையன், "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கித் தவளையாக முடித்தான். ஃபுளோரன்ஸ் நகரமே கோயிலுக்குள் நெருக்கியடித்து நின்றது. கூரையிலிருந்து கபிரியேல் சம்மனசு கூண்டில் இறங்கி, மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லியாக வேண்டும்.

"மாஸ்டரே, உங்க கூண்டு, நீங்களே ஏறிடுங்க," என்றார் உகேத்தோ சாமி. "அதுக்குள்ள அடங்குற இடுப்பு எங்க மடத்துல யாருக்கும் இல்ல."

"மூஞ்சில தாடியும் இல்ல," என்றான் தச்சன் மேயோ. "சம்மனசுக்குன்னே அளவெடுத்த ஆளு."

மாஸ்டர் பாச்சோ சிரிக்கவில்லை. ஓவியர், கப்பியும் பல்சக்கரமும் கோத்து மனிதரைப் பறக்கவிடுபவர் என்று ஊர் அறிந்த பாச்சோவின் சொந்தப் பெயர் தெஸ்ஸா. பெண்ணுக்குப் பட்டறை தர மாட்டார்கள். அதனால் அண்ணன் செத்ததும் அவன் பெயரையும் சட்டையையும் எடுத்துக்கொண்டாள். குரல்தான் பெரும்பாடு. அதைத் தொண்டைக்கடியில் அழுத்திக் கரகரப்பாக்கி, பெரும்பாலும் பேசாமலே காலம் தள்ளினாள். அந்தக் கரகரப்பில் சம்மனசு பேச முடியாது. வேறு குரலில் பேசினால் பட்டறை போய்விடும்.

யோசிப்பதற்குள் இறக்கையைக் கட்டி மேலே ஏற்றிவிட்டார்கள்.

கூண்டு இறங்கத் தொடங்கியது. சக்கரம் அவள் போட்ட கணக்கை மீறிச் சுழன்றது, அவள் பம்பரமானாள். மெழுகுத்திரிகள் ஓடின, தூண்கள் ஓடின, மாதா வேடமிட்ட ரொட்டிக்கடைக்காரர் மகன் மூன்று மாதாவாகத் தெரிந்தான். வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கியது. தலைசுற்றலில் தொண்டையின் பிடி நழுவியது.

"அருள் நிறைந்த மரியே, வாழ்க."

தெளிந்த பெண்குரல். அவளே அதைக் கேட்டுப் பல வருஷமாகியிருந்தது. கோயில் அடங்கிப்போனது. அந்த அமைதி நீண்டது, நீண்டுகொண்டே போனது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். போனது போகட்டுமென்று, சுற்றியபடியே, இன்னும் உரக்க ஒருமுறை சொன்னாள்.

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்ததும் மேயோ ஓடிவந்தான். அவளைப் பார்க்கவேயில்லை. கூண்டைத் தட்டினான், அதன் அடியில் படுத்தான்.

"எங்கய்யா வெச்சிருக்க?"

"எதை?" தெஸ்ஸா கரகரத்தாள்.

"குழலைத்தான். துருத்தியும் குழலும் இல்லாம அப்படி ஒரு குரல் எப்படி வரும்? என்கிட்டயே மறைக்கிறியா?"

சாமியும் கூண்டுக்குள் தலையை நுழைத்தார். "நீங்க வாயசைச்சதுதான் மாஸ்டரே அழகு. நெசமாவே நீங்க பேசற மாதிரியே இருந்துச்சு."

தெஸ்ஸா இறக்கையின் வாரை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"தொழில் ரகசியம்," என்றாள். "கொஞ்சம் சரிபார்க்கணும். இன்னொரு தடவை ஏத்துங்க."

கூரையை எட்டுமுன்பே பாட ஆரம்பித்துவிட்டாள். கீழே மேயோ கயிற்றை இழுத்துக்கொண்டே காதைச் சாய்த்து, துருத்தி இடது பக்கம்தான் இருக்கிறதென்று சாமியிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தான்.