அமிர்தராஜுக்கு எழுபத்தொன்று, எனக்கும் எழுபத்தொன்று

1

இந்தக் கதை தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வரிசை நாற்காலியில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று சொன்னால் கொஞ்சம் நாகரிகமாக இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். அதுதான் நடந்தது.

என் தாளிலும் அதே எண் இருந்தது. எஸ்.ஜி.பி.டி. என்ற வரிக்கு நேரே 71. நாற்பதுக்குள் நிற்க வேண்டிய ஒரு கல்லீரல் நொதி. (நொதி என்று எழுதினால் என் கணவருக்குப் புரியாது. என்சைம் என்று எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். இரண்டையும் எழுதிவிட்டேன், யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும்.) நான் ஸ்ரீரங்கத்துக்காரி, கதை எழுதுகிறவள், இடது மார்பை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் மாத்திரை சாப்பிடுகிறேன். பக்கத்தில் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். அவரும் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அவர் மனைவி தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு மெல்ல, ஆனால் எனக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னார்.

"உண்மையச் சொல்லுங்க. மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவர் எழுந்து வெளியே போனார். அந்த அம்மாளும் பின்னாலேயே போனார். நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். இனி வருவதில் அவர்களைப் பற்றியதெல்லாம் என் கற்பனை, பெயர் உட்பட.

என் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? என் கணவர் தாளைப் பார்த்துவிட்டு, "எண்ணெயைக் குறைச்சுடலாம்" என்றார். நாத்தனார் மறுநாள் காலையிலேயே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொண்டுவந்துவிட்டாள். (குடிக்கவில்லை. கேட்காமல் எந்த நாட்டு மருந்தும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.) மறுபடி ஆரம்பித்துவிட்டாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஒரே எண். எனக்கு மோர், அவருக்கு விசாரணை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு எழுத வரும்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"திருவெறும்பூர் மாதா கோயில் மணி அடித்தபோது அமிர்தராஜ்..."

வேண்டாம். எந்தக் கதையில்தான் மணி அடிக்கவில்லை?

"புற்றுநோயோடு போராடி வென்ற அமிர்தராஜ், இப்போது..."

இது நன்கொடை கேட்கிற துண்டறிக்கை. வென்றவர், தோற்றவர் என்று எங்களை இரண்டு வரிசையில் நிற்கவைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு... (மீதியை அச்சிட மாட்டார்கள்.) வென்றவருக்கு எப்படிச் சார் எழுபத்தொன்று வரும்?

"அமிர்தராஜ் குடிப்பதை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது."

இது நிற்கும். இதிலிருந்து போகலாம்.

அமிர்தராஜ் திருவெறும்பூரில் பாய்லர் செய்கிற தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி டெல்பின். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை. ஒரு காலத்தில் அவர் நன்றாகவே குடித்தார். பிறகு ஒருநாள் மாதா சுரூபத்தின் முன்னால் நின்று இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார், தொடவில்லை. போன வருஷம் பெருங்குடலில் கட்டி. அறுவை, அதன்பின் ஆறு மாதம் கீமோ. அந்த ஆறு மாதமும் அவரைத் தூக்கி உட்காரவைத்து, வாந்தி அள்ளி, ரத்தம் ஊறட்டும் என்று சுவரொட்டி* சுட்டு ஊட்டியவள் டெல்பின். சிகிச்சை முடிந்தது. முடி வளர்ந்தது. சாம்பாரில் உப்பு இல்லை என்று கோபித்துக்கொள்கிற அளவுக்குத் தேறிவிட்டார். அப்போதுதான் இந்த எழுபத்தொன்று.

* ஆட்டின் மண்ணீரல். சைவ வாசகர்கள் மன்னிக்கவும். நானும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

3

அமிர்தராஜின் டாக்டர் நல்லவர். அவரைக் கெட்டவராக்க எனக்கு ஆசைதான். கதைக்குச் சௌகரியமாக இருக்கும். ஆனால் என் டாக்டர் என்னிடம் சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார்.

"லேசாத்தான் கூடியிருக்கு. மருந்தோட மிச்சமா இருக்கலாம், ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கலாம். ஸ்கேன்ல பயப்படுற மாதிரி எதுவும் தெரியல. ஆறு வாரம் கழிச்சு மறுபடி பாப்போம். குடிப்பீங்களா?"

"இல்ல சார்."

"எப்பவாச்சும்? கல்யாணம், விசேஷம்?"

"இல்ல சார்."

டாக்டர் டெல்பினைப் பார்த்தார். கணக்குச் சரியா என்று பக்கத்து மேசையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அவர் வேலை அது, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தப் பார்வை டெல்பினுக்குள் இறங்கிவிட்டது.

(என்னை யாரும் இந்தக் கேள்வி கேட்கவில்லை. ஒன்பது கஜம் இல்லாவிட்டாலும் புடவை, நெற்றியில் ஸ்ரீசூர்ணம், ஸ்ரீரங்கம் விலாசம். நான் சமையலறை அலமாரியில் பிராந்தி வைத்துக் குடிக்கிறவளாக இருந்தால் கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். அவரைக் கேட்டால் என்னையும் கேட்க வேண்டும்.)

4

ஓர் இடத்தில் நானே அமிர்தராஜைச் சந்தேகப்பட்டேன்.

வியாழக்கிழமை அவர் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போய்வருவதாக எழுதியிருந்தேன். மூக்குக்கண்ணாடி மாற்றத்தான். திரும்பிப் படித்துப் பார்த்தால், அவர் வீட்டுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. பஸ் தாமதம் என்று நான் எழுதவில்லை. யாரையும் பார்த்தார் என்றும் எழுதவில்லை. அந்த ஒரு மணி நேரம் எங்கே போனார்?

என் கணவர்தான் என் முதல் வாசகர். அவரிடம் கேட்டேன்.

"குடிச்சானா இல்லையான்னு என்னைக் கேக்கறே? எழுதறது நீதானே?"

"எனக்குத் தெரியலையே."

"அப்ப யாருக்குத் தெரியும், பெருமாளுக்கா?"

நியாயமான கேள்வி. நான் நினைத்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் புகுந்து பார்த்திருக்கலாம். ஒரு மதுக்கடைச் சந்து, ஒரு பாட்டில், வாயை மறைக்க ஒரு பாக்குப் பொட்டலம், மூன்றே வரி. கதை சூடு பிடித்திருக்கும். பேனா அந்தப் பக்கம் சாய்வதை உணர்ந்தேன். உடனே எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. உடம்பு தேறிய ஒரு மனிதர் ஒரு மணி நேரம் தனியாகத் திரியக் கூடாதா? காவேரிப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கக் கூடாதா? என்னையும் இப்படித்தான், குளியலறையில் இரண்டு நிமிஷம் கூடுதலாக இருந்தால் கதவைத் தட்டுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அவருக்கே விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.

5

சனிக்கிழமை சாயங்காலம். டெல்பின் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"நாளைக்குப் பூச முடிஞ்சதும் மாதா முன்னாடி வந்து நில்லுங்க. தொடலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அப்புறம் செத்தாலும் நான் கேக்க மாட்டேன்."

"அங்க ஏற்கெனவே சொல்லியிருக்கேன்."

"அது அப்ப."

"அப்ப சொன்னது இன்னும் உசுரோடதான் இருக்கு டெல்பின். மறுபடி சொன்னா, அது செத்துப்போச்சுன்னு நானே ஒத்துக்கிற மாதிரி."

"தப்பு பண்ணலன்னா சொல்லிட்டுப் போறதுதானே? என்ன குறைஞ்சிடும்?"

"முப்பது வருசம் நான் வச்ச வெல்டிங்க எக்ஸ்ரே புடிச்சுப் பாத்துதான் வாங்கிக்கிட்டாங்க. அது குழாய், புடிச்சாங்க. வீட்லயுமா?"

இந்த இடத்தில் டெல்பின் ஒரு பாட்டம் கத்துவதாகத்தான் நான் திட்டம் போட்டிருந்தேன். சந்தேகக்காரப் பெண்டாட்டி, சத்தம், கதவு அறைதல். எழுதவும் ஆரம்பித்தேன். "டெல்பின் ஆங்காரமாக..." அந்த வாக்கியம் அதற்கு மேல் நகரவில்லை. அவள் கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையோடு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"குடிச்சிருந்தாலும் பரவால்லங்க. சொல்லிடுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"குடின்னா நிறுத்திடலாம். நான் திட்டுவேன், அழுவேன், நீங்க நிறுத்திடுவீங்க. குடி இல்லன்னா அப்ப அது என்னது? ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரருக்கு அந்த நோய் எங்க போய் ஒட்டிக்கிச்சுன்னு நாம ரெண்டு பேரும்தானே பாத்தோம்? ஈரல்லதானே? சொல்லுங்க, குடி இல்லன்னா அது என்னது?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இவளை இரண்டு நாளாகத் தப்பாகவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். இவள் கணவன் குடித்தானோ என்று பயப்படவில்லை. குடித்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதை அவள் காது வாங்கியது, வயிறு வாங்கவில்லை.

எனக்கும் வாங்கவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்: எனக்குப் பயமாக இருக்கிறது. எழுபத்தொன்று என்பது சின்ன எண், காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும், தெரியும். தெரிந்துகொண்டே பயமாக இருக்கிறது.

6

முடிவுகள்.

முதல் முடிவு: ஆறு வாரத்தில் அவர் எண் முப்பத்தாறு. டெல்பின் அழுகிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், பிரியாணி செய்கிறாள். கிழித்துப் போட்டேன். எண் இறங்கினால் அவர் யோக்கியர் என்றால், ஏறினால் யார்? என்னுடையது ஏறினால் நான் யார்?

இரண்டாம் முடிவு: பீரோவுக்குப் பின்னால் ஒரு காலி பாட்டில். எழுதவே இல்லை. கை கூசியது.

மூன்றாம் முடிவு: அமிர்தராஜ் அவள் முகத்தையே பார்க்கிறார். பிறகு, "ஆமா டெல்பின். ரெண்டு தடவ. இனிமே இல்ல" என்கிறார். பொய். சுத்தப் பொய். அவள் அவர் தோளில் இரண்டு அடி அடிக்கிறாள், "பாவி மனுசா" என்கிறாள், அழுகிறாள், முகம் கழுவிக்கொண்டு வந்து வெங்காயத்தை வதக்குகிறாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாய் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறது.

இது எனக்குப் பிடித்துவிட்டது. என் கணவருக்கு இன்னும் பிடித்துவிட்டது.

"இதான் கதை. இத்தோட விட்டுடு, கையை வைக்காதே."

"அவர் குடிக்கலையே."

"ஒரு பொய்தானே? அவளுக்கு நிம்மதி."

"எண்ணெய்தான் காரணம்னு நான் தலையாட்டினா உங்களுக்கு நிம்மதியா?"

அவர் செய்தித்தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். "ஆமாம், நிம்மதிதான்" என்றார். முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆனாலும் தலையாட்டவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அமிர்தராஜ் அந்தப் பொய்யைச் சொன்னால் டெல்பின் அதை டாக்டரிடம் சொல்வாள். சொல்லாமல் இருப்பாளா? டாக்டர், அப்படியா சேதி என்று தாளில் குறித்துக்கொள்வார். அடுத்த முறை எண் கூடினாலும், குடிதான் என்று மூன்று பேரும் முடிவு கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் எதையும் தேட மாட்டார்கள். ஒரு மனிதரின் பன்னிரண்டு வருஷத்தையும் பிடுங்கி, அவர் ஈரலைப் பார்க்க வந்த கண்ணையும் கட்டிவிட்டு, இதற்குப் பெயர் நிம்மதியா? அழகான முடிவுதான். அந்த அழகு எனக்கு வேண்டாம். பயப்படச் சொல்லுங்கள், பயப்படுகிறேன். பயத்துக்குத் தீனியாக ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கொடு என்றால் முடியாது.

7

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. சுரூபத்துக்கு முன்னால் டெல்பின் நிற்கிறாள், முக்காடு நழுவியிருக்கிறது, சரி செய்யவில்லை. அமிர்தராஜ் எழுந்து வருகிறார். அவர் என்ன பேசப்போகிறார் என்பதை நான் இந்த முறை தீர்மானிக்கவில்லை, கேட்டுத்தான் எழுதுகிறேன்.

"ஏன் கூடுச்சுன்னு எனக்குத் தெரியாது டெல்பின். டாக்டருக்கும் இப்போதைக்குத் தெரியல. நான் குடிக்கல. சத்தியம் பண்ண மாட்டேன், உனக்காகப் பொய்யும் சொல்ல மாட்டேன். ஆறு வாரம் கழிச்சு ரெண்டு பேருமா போவோம். என்ன வந்தாலும் சேந்து பாப்போம். ஆனா இப்பவே, அந்தத் தாளு வர்றதுக்கு முன்னாடியே, நீ என்னை நம்பணும்."

அவள் பதிலை நான் எழுதப்போவதில்லை. நான்கு விதமாக எழுதினேன், நான்கும் என் சௌகரியத்துக்கு எழுதியவை.

அவருடைய அடுத்த எண் என்ன என்று கேட்காதீர்கள், நான் கற்பனை செய்யவில்லை. என்னுடைய அடுத்த தாள் நேற்று வந்துவிட்டது. அதில் எவ்வளவு என்று எனக்கும் என் கணவருக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதை வைத்துக்கொண்டு அமிர்தராஜை எடை போடுவீர்கள்.

ஆகவே டெல்பினைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவள் நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். அவர் சொன்னது முழுவதும் உங்கள் காதில் விழுந்தது. அவர் எதிரேதான் நிற்கிறார். நம்புகிறீர்களா இல்லையா என்று அவரிடமே சொல்லிவிடுங்கள்.