ஊர்ப் பக்கத்துக் கண்ணாடி

கலங்கரை விளக்கத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள் என்று கடையில் பேச்சு அடிபட்டது. நான் காது கேட்காதவள் மாதிரி இருந்தேன். பெயின்ட் கலக்கும் மெஷின் பக்கத்தில் நிற்பவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. கடையில் என்னைக் கலரக்கா என்பார்கள். அந்தக் கோபுரத்தில் கடைசியாக விளக்கேற்றியவர் கலரக்காவின் அப்பா என்பது அங்கே யாருக்கும் தெரியாது. வலியப் போய்ச் சொல்லிப் பீற்றிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

என் வீட்டிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும். தெரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். கடலைப் பார்த்த ஒரே ஜன்னலை அடைத்து அம்மா பீரோவை நிறுத்திவிட்டாள். எனக்கு அப்போது ஏழு வயது. "வேற வேலை பாத்துக்கிட்டு வீட்டோட இருங்க" என்று அவள் அப்பாவிடம் சொன்னாள். "அப்போ விளக்க யாரு பாப்பா?" என்று அவர் கேட்டார். வார்த்தை தடித்தது. அவர் வாசலைத் தாண்டிப் போனார், அவள் பீரோவைத் தள்ளினாள். ரோஷத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் பத்துப் பொருத்தமும் இருந்தது.

மாதம் தவறாமல் சம்பளம் வந்தது, அவர் வரவில்லை. எனக்குப் பதின்மூன்று நடக்கும்போது கோபுரத்திலேயே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். "நம்ம பக்கம் மூஞ்சியக்கூடத் திருப்பல மனுஷன்" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவளும் போய்விட்டாள். கல்யாணம் காட்சி என்று எனக்கு எதுவும் அமையவில்லை. டிவியில் செய்தி வாசிப்பவள் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டேன். எங்களை விட்டுவிட்டு அந்த மனுஷன் அங்கிருந்து அப்படி எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு விடுமுறை நாளில் கிளம்பிவிட்டேன்.

கூட்டமில்லை. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, நான், கழுத்தில் மைக் மாட்டிய கைடு. மூன்று பேருக்கு எதற்கு மைக் என்று அந்தப் பிள்ளையிடம் யார் கேட்பது?

பாதி உயரத்தில் ஓர் அறை. சுவரோடு ஒட்டிய இரும்புக் கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர், சட்டை மாட்ட ஓர் ஆணி. அறை நடுவே தடித்த சங்கிலி தொங்கியது.

"இதோட நுனியில பெரிய இரும்புக் குண்டு இருக்கு" என்றான் கைடு. "அது மெதுவாக் கீழ இறங்கும். அந்த இழுப்புலதான் மேல லென்ஸ் சுத்தும். குண்டு தரையத் தொடுறதுக்குள்ள கையால சுத்தி மேல ஏத்தணும். ராத்திரி பூரா இதே வேலை."

"ஏத்தலைன்னா?" என்றான் மாப்பிள்ளை.

"விளக்கு நின்னுடும். சுத்தாத விளக்கப் பாத்தா, இது வேற ஏதோ துறைமுகம்னு கப்பல்காரன் பாறையில கொண்டுபோய் ஏத்திடுவான். இதக் கட்டுறதுக்கு முந்தி அந்தப் பாறையில மோதித்தான் நிறையப் பேர் செத்தாங்க."

விளக்கை யார் பார்ப்பது என்று அன்றைக்கு அப்பா கேட்டது வாய்ச் சண்டைக்கான பதில் இல்லை போலிருக்கிறது. நான் அந்த ஒற்றைத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டிலும் கழுவுவதற்கு இப்போது ஒரு தட்டுதான்.

உச்சியில் கண்ணாடி அறை. நடுவில் என்னைவிட உயரமான லென்ஸ். கடல் பக்கம் முழுக்க வெறும் கண்ணாடி, ஊர்ப் பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட்.

"ஊருக்குள்ள கப்பல் வராது பாருங்க" என்று சிரித்தான் கைடு. "வெளிச்சம் அடிச்சா ஜனங்க தூங்க முடியாது. அதனால அப்போ வருஷா வருஷம் விளக்குக்காரரே இந்தப் பக்கம் கறுப்பு அடிக்கணும்னு உத்தரவு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கடைசியா இருந்த விளக்குக்காரருக்குத் தனிமையில புத்தி பேதலிச்சுப்போச்சு. நகத்தாலயே பெயின்ட்டச் சுரண்டியிருக்கார். இதோ பாருங்க."

புதுப் பெண் "ஐயோ" என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு அதில் ஏக சந்தோஷம். எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. எங்களை விட்டுப் போனவரை நான் திட்டலாம். இவன் யார் திட்டுவதற்கு?

கிட்டப் போய்ப் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்தில் சின்னச் சதுரம். நகத்தால் சுரண்டினால் ஓரம் பிய்ந்துபோயிருக்கும். இது பிளேடு பிடித்து நிதானமாக வெட்டிய ஓரம். விரலால் தடவினேன். பூச்சின் மேல் பூச்சாக ஐந்தாறு அடுக்கு. வருஷா வருஷம் உத்தரவுப்படி கறுப்பு அடித்திருக்கிறார், காய்ந்த பிறகு அதே இடத்தை மறுபடி வெட்டியிருக்கிறார்.

லென்ஸுக்கு முதுகைக் காட்டி நின்று ஒற்றைக் கண்ணை அந்தச் சதுரத்தில் வைத்தேன். தூரத்தில் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள். எல்லாவற்றுக்கும் நடுவில் பச்சையிலும் சேராத, நீலத்திலும் சேராத ஒரு சுவர். கடையில் மிஞ்சின டப்பாக்களையெல்லாம் ஒன்றாகக் கொட்டி நானே கலந்து அடித்த நிறம் அது. இந்த ஊரில் வேறு எந்தச் சுவரும் அந்த நிறத்தில் கிடையாது. அது என் வீடு.

"தம்பி, விளக்கு சுத்தும்போது இந்த ஓட்டை வழியா வெளிச்சம் போயிருக்குமா?"

"போயிருக்கும்மா. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை, கண்ணடிக்கிற மாதிரி. ஆனா அந்தப் பக்கம் யாரு பாத்திருப்பா?"

சதுரத்திலிருந்து கண்ணை எடுத்தேன். "நாங்க பாத்திருக்கணும்ப்பா. அவரு எங்க அப்பா. அவருக்குப் புத்தி நல்லாத்தான் இருந்துச்சு."

அவன் மைக்கை அணைத்தான். "மன்னிச்சிருங்கம்மா. எனக்குச் சொல்லிக்கொடுத்ததத்தான் சொன்னேன்." ஜோடியைக் கீழே அழைத்துக்கொண்டு போனான். நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அம்மாவின் புடவைகளையெல்லாம் கட்டிலில் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி தோளைக் கொடுத்தேன். கிறீச்சென்று நகர்ந்தது. ஜன்னல் கொண்டி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் திறந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கோபுரம் இருட்டாக நேர் எதிரே நின்றது. அதில் விளக்கேற்றி வருஷக்கணக்காகிறது.

இந்த ஜன்னலில் ஒரு நாளாவது வெளிச்சம் தெரியாதா என்று அப்பாவும் பார்த்திருப்பார். தெரியவில்லை என்றதும் இங்கே யாரும் பார்க்கவில்லை என்று அவருக்குப் புரிந்திருக்கும். புரிந்த பிறகும் அடுத்த வருஷம் பெயின்ட் காய்ந்ததும் பிளேடை எடுத்திருக்கிறார்.

அழுதேன். அழுது முடித்து எழுந்து, அறை லைட்டைப் போட்டேன். அணைத்தேன். மறுபடி போட்டேன். அந்தப் பக்கம் பார்க்க யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் மட்டும் தெரியாமலா செய்தார்?

மறுபடி அணைத்துப் போட்டேன்.