திலகவதியின் எண்

அன்று காலை ஏழரை மணிக்கு அலுவலக அறையில் இருந்தவர்கள்: முந்திரிக்கொட்டை வியாபாரி ரகுநாத், அவருக்காகத் தோப்பு தோப்பாகப் போய்க் கொட்டை வாங்கும் திலகவதி, பில் போடும் இலக்கியா, வண்டி ஓட்டும் அடைக்கலம், பிறகு போன், கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் நான், ஜெரால்டு. மேசை மேல் மூன்று புதுப் போன்கள். மூன்றிலும் சிக்னல் இல்லை.

தவறு என்னுடையது.

ரகுநாத்திடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அவரிடம் கொட்டை வாங்கிய ஓர் ஆள் அலுவலக சிம்மோடு வேறு வியாபாரியிடம் போய்விட்டான். முப்பது தோப்புகள் அவன் பின்னால் போயின. அன்றிலிருந்து மாலை ஆறு மணிக்கு எல்லோரும் சிம்மைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். சிம்களை வைக்க அவர் மனைவியின் பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்று. ஆளுக்கு ஒரு கிண்ணம். காலையில் வந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

தினமும் கழற்றி மாட்டியதில் சிம்கள் தேய்ந்தன. அடைக்கலத்தின் சிம் கொட்டைக் குவியலுக்குள் விழுந்து ஒரு நாள் முழுக்கத் தேடினார்கள். அதனால்தான் இசிம். போனுக்குள்ளேயே இருப்பது. கழற்ற முடியாது, தொலையாது. மூன்று எண்களையும் நிறுவனத்தின் பேருக்கு மாற்றி, முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு மூன்று போன்களிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஆறு மணி ஆனதும் ரகுநாத் வழக்கம்போல, "சிம்மக் கழட்டிக் குடுங்க" என்றிருக்கிறார். இலக்கியா போனுக்குள் தேடி 'நீக்கு' என்ற பட்டனைக் கண்டுபிடித்திருக்கிறாள். மூன்றிலும் நீக்கிவிட்டு, இசிம் ஏற்ற நான் ஸ்கேன் செய்த கியூஆர் கோடு அச்சடித்த தாள்களை மடித்துக் கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறாள். காலையில் அதையே திரும்ப ஸ்கேன் செய்தால், ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது.

சென்னையில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சேவை மையத்தில் இரண்டரை வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். "ஆஃப் பண்ணுங்க, நீக்கிடாதீங்க" என்று முகம் தெரியாத ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். ஒரு நாள் பாதி ஷிப்டில் எழுந்து வந்துவிட்டேன், திரும்பப் போகவில்லை. எதிரில் இருந்த இந்த மூன்று பேருக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை.

"ஒரு தடவ ஒட்டுன ஸ்டாம்பு மாதிரியா தம்பி?" என்றார் ரகுநாத்.

"ஆமா சார். புதுசா வாங்கணும். கம்பெனி பேருல இருக்கதால நீங்கதான் வந்து கையெழுத்துப் போடணும்."

"மூணு போனும் ஒரே நாள்ல போயிருச்சு. மால வாங்கியாரவா?" என்றான் அடைக்கலம்.

"வாய மூட்றா" என்றார் ரகுநாத்.

திலகவதி சிரிக்கவில்லை. சித்திரை மாதம். விடியற்காலையில் கொட்டை பொறுக்கி முடித்ததும் தோப்புக்காரர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக அதே எண். மோட்டார் ரூம் சுவர்களில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"ஒம்போதுக்குள்ள நான் எடுக்கலன்னா சின்னப்பிள்ளை அக்கா அடுத்த ஆளக் கூப்பிட்டுரும்ணே" என்றாள்.

நானும் ரகுநாத்தும் பைக்கில் புதுக்கோட்டைக்குப் போனோம். ஷோரூமில் கையெழுத்து, அடையாள அட்டை, போட்டோ. மதியத்துக்குள் புதுக் கோடுகள் அலுவலக மெயிலுக்கு வரும் என்றார்கள். ஒரு நாளைக்கு எஸ்எம்எஸ் வராது என்றும் சொன்னார்கள். திரும்பும் வழியில் பின்னாலிருந்து அவர் சொன்னார்:

"திலகா நம்பர அவ போன்ல ஏத்தாத. இலக்கியா போன்லயே ரெண்டையும் ஏத்திரு. நம்பர் ஆபீஸ்லயே கெடக்கட்டும்."

"எதுக்கு சார்?"

"பொட்டில வச்சுப் பூட்ட முடியாதுன்னு ஆயிப்போச்சு. அவளும் போயிட்டான்னா?"

"பதினோரு வருஷமாப் போகலயே சார்."

"அவனும் நாலு வருஷம் போகலதான்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு முறை அடி வாங்கியவர்.

அலுவலகத்தில் அதையே திலகவதியிடமும் சொன்னார்.

"அப்ப எனக்கென்னண்ணே வேல?"

"எந்தத் தோப்புன்னு இலக்கியா சொல்லும். நீ போயி எட போட்டு வாங்கிட்டு வா."

"சொன்ன எடத்துக்குப் போயிட்டு வாரதுக்கு அடைக்கலம் போதும்ல? நான் எதுக்கு?"

அவர் அஞ்சறைப் பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"'நம்பரு ஒன்னோடதுதான் திலகா, பேருதான் கம்பெனிது'ன்னு சொன்னீங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்" என்றாள் திலகவதி.

"இப்ப இல்லன்னா சொல்றேன்?" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"எனக்குத் தோப்புக்காரங்க யாரையும் தெரியாது சார்" என்றாள் இலக்கியா. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மெயில் வந்தது. முதல் கோடு இலக்கியாவுக்கு, இரண்டாவது அடைக்கலத்துக்கு. மூன்றாவதை நான் திறந்தபோது ரகுநாத் என் தோளுக்குப் பின்னால் நின்றார். திலகவதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நின்றாள். கெஞ்சவில்லை.

"சார், இது வேற போன்ல ஏறாது. முன்னாடி எந்தப் போன்ல இருந்துச்சோ அதுலதான் ஏறும்."

"அப்படியா?"

"அப்படித்தான்."

இலக்கியாவின் திரையிலும் அதே மெயில் திறந்திருந்தது. பொருத்தமான எந்தப் போனிலும் ஏற்றலாம் என்று அதில் எழுதியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெயிலை மூடிவிட்டு பில் புத்தகத்தை எடுத்தாள்.

"சரி, ஏத்து. சனியன்" என்றார் ரகுநாத்.

பன்னிரண்டே முக்காலுக்குத் திலகவதியின் போனில் சிக்னல் வந்தது. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. சின்னப்பிள்ளை. குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏண்டி திலகா, இருக்கியா செத்தியா?"

"நான் செத்தா ஒங்க ஈரக் கொட்டய எவக்கா வாங்குவா? யாருக்கும் போட்றலயே?"

"ஒருத்தன் வந்து நிக்கிறான். நீ வாரியா இல்லயா?"

"அவனுக்குத் தண்ணி குடுத்து அனுப்புங்க. இந்தா வாரேன்."

அடைக்கலம் வண்டியை எடுத்தான். அவர்கள் போகும்போதே அடுத்த அழைப்பு வந்துவிட்டது.

ஒரு நாள் ஆகும் என்று சொல்லியிருந்தும், ஐந்தரை மணிக்கு பேங்க் ஓடிபி இன்னும் வரவில்லையே என்று கேட்க ரகுநாத் ஷோரூமுக்குப் பேசினார். பேச்சோடு பேச்சாக வேறு எதையோ கேட்டார். போனை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். இலக்கியா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"எந்தப் போன்லயும் ஏறுமாமே."

"ஏறும் சார்."

"பொய் சொன்ன."

"ஆமா."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

அவர் உட்கார்ந்தார். திலகவதியின் எண்ணுக்கு அடித்தார். பிசி. மறுபடி அடித்தார். பிசி.

"இப்ப மாத்துனா எவ்ளோ நேரம் லைன் இருக்காது?"

"ரெண்டு மணி நேரம். இன்னைக்கு மாதிரி அர நாளும் ஆகலாம்."

வெளியே கொட்டை காயும் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சீசன்ல முடியாது. அவகிட்டயே இருக்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கும் கொண்டு போகட்டும், வேற என்ன செய்ய" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ நாளைலேர்ந்து வராத. அவ போயிருவாளோன்னுதான் பயந்தேன். நீ இங்கிட்டு உக்காந்துக்கிட்டே ஏய்ச்சிட்டியே."

மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் மறுபடி கேட்டாலும் அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். அதனால் கேட்கவில்லை. ஒரு தாளில், 'மாலையில் ஆஃப் செய்யவும். நீக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவர் அதைப் படித்தார். கிழிக்கவில்லை.

என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். செருப்பை மாட்டுவதற்குள் பின்னால் அவர் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.