ஈரக் கரி

மலை மேலிருக்கும் தானா ராத்தாவிலிருந்து அடிவாரத்துத் தாப்பா வரை உள்ள வளைவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பத்து வருஷமாக எஸ்டேட் லோரி ஓட்டுகிறவன் நான். ஆனால் ஜப்பான்காரன் வந்து, பெட்ரோல் தீர்ந்து, லோரிகள் கரி அடுப்பில் ஓட ஆரம்பித்ததும், இந்த மலையின் போக்குவரத்துக்குத் திட்டம் போடச் சொன்னது யாரை? எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிரகரி கிராணியை. ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன்!

வளைவுகளை எல்லாம் என்னிடம்தான் கேட்டு எழுதிக்கொண்டான். மாட்டுவண்டி எது வரை, லோரி எத்தனை மணிக்கு எங்கே, சண்டை முடிந்தபின் மேலே பிரிஞ்சாங்கு ஊருக்கு அரை மணிக்கு ஒரு பஸ் என்று பெரிய தாளில் வரைந்து ஆபீஸ் சுவரில் ஒட்டினான். கீழே அவன் பெயர் மட்டும். ஜப்பான் அதிகாரி அவன் தோளைத் தட்டினான். எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டிலும் அதே பாட்டு.

"இனிமே பிள்ளைத்தாச்சிங்க ஆஸ்பத்திரிக்கு நடக்கத் தேவையில்லையாம். கிராணிக்கு என்னா மூளைலா!" என்றாள் என் மனைவி கத்தரீன்.

"ஏன், என் மண்டையில களிமண்ணா இருக்கு?" என்று மரவள்ளிக்கிழங்குத் தட்டைத் தள்ளிவிட்டேன்.

அடுத்த வாரம் முதல், தாப்பாவில் ஏற்றும் கரி மூட்டைகள் மேல் யாரும் பார்க்காதபோது தண்ணீர் தெளித்தேன். ஈரக் கரியில் தீ சரியாகப் பிடிக்காது. லோரி ஏற்றத்தில் திணறி நின்றது. ஏறியிருந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். ஒரு நாள் ஒரு மணி நேரம் தாமதம், மறுநாள் இரண்டு. கிராணி போட்ட நேரம் தப்பு என்று லயத்து வீடுகளெல்லாம் பேச்சு. அந்த நாட்களில் கிழங்குகூட எனக்கு ருசித்தது.

அவன் அவமானப்பட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ராணுவத்து அரிசி மூன்றாம் முறை தாமதமானதும், அதிகாரி ஆபீஸ் வாசலில் வைத்தே கிரகரியை அறைந்தான். தாளைக் கிழித்தான். சயாம் ரயில் பாதை வேலைக்குப் போகிறவர்களோடு அவன் பெயரையும் சேர்த்தான். எங்கள் எஸ்டேட்டிலிருந்து சயாமுக்குப் போன யாரும் அதுவரை திரும்பவில்லை.

சயாமுக்குப் போகும் ஆட்களை ஏற்றும் லோரி தாப்பாவிலிருந்து பதினொரு மணிக்குப் புறப்படும். அவனைக் கொண்டுபோய் விட என்னையே அனுப்பினார்கள். அது தவறினால் அடுத்தது பத்து நாள் கழித்துத்தான். அதற்குள் அவன் பெயரை எடுக்கச் சொல்லி யார் காலிலாவது விழலாம். இருந்த கரி முழுவதிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, லோரி கிளம்பாது என்றேன்.

சிப்பாய்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். தாப்பா வரைக்கும் இறக்கம். லோரி தானாகவே உருண்டது. பிரேக்கை மிதித்தேன், பக்கத்திலிருந்த சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் விலாவில் இடித்தான்.

தாப்பாவில் இறங்கியதும் கிரகரி போலீஸ் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"பாத்தியா சுந்தரம், எறக்கத்துக்கு நான் போட்ட நேரம் நிமிஷம் தப்பல. ஏத்தத்துலதான் எங்க தப்பு பண்ணேன்னு புரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லுப்பா."

சயாம் லோரி உறுமிக்கொண்டு நின்றது. அவன் ஏறி உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதும்கூட, அவன் கணக்கு சரிதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.